நானும் சிரித்தேன்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தினமும் கில்ட் உடுத்தி வேலைக்கு வருகிறார். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், கட்டம் போட்ட கம்பளி உடை அது. தொலைபேசியில் இதை அம்மாவிடம் சொன்னபோது, "அந்த ஊரில் ஆண்கள் எல்லோரும் பாவாடைதானே கட்டுவார்கள், இதில் என்ன அதிசயம்?" என்று கேட்டார். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கல்யாண வீட்டில் கில்ட் பார்த்திருக்கிறேன். ரக்பி ஆட்டம் நடக்கும் நாளில் பார்த்திருக்கிறேன். ஜனவரி 25 அன்று கவிஞர் பர்ன்ஸ் பெயரில் நடக்கும் இரவு விருந்துகளிலும், ராயல் மைல் தெருவில் பைப் என்ற காற்றுப்பை இசைக்கருவியை வாசித்துக் காசு வாங்குகிறவர்களிடமும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஈர மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஓய்வூதியக் கணக்குப் பார்க்க உட்காருகிற மனிதரிடம் கில்ட்டைப் பார்த்தது ஒரே ஒருவரிடம்தான். அவர் என் எதிர் மேசைக்காரர்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நான்கு வரி தாண்டவில்லை. எழுத வேண்டியது அவரைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி என்பது பிறகுதான் புரிந்தது. 2024 டிசம்பரில் ஒரு மதியம் நான் இரண்டு நொடி சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் அவர் உடுத்தும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் கோலம் அல்ல அது. வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும் கிடையாது, காலுறையில் செருகிய சிறு கத்தியும் கிடையாது. சாம்பல் நிறக் கம்பளி மேல்சட்டை, முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்ட தடித்த காலுறை, மலையேறுகிறவர்கள் போடும் காலணி. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம் போட்ட கில்ட். அதன் முன்னால் இடுப்பிலிருந்து தொங்கும் ஒரு தோல் பை, ஸ்போரன் என்பார்கள். கில்ட்டில் பை வைத்துத் தைப்பதில்லை என்பதால் சாவி, டிராம் அட்டை, இருமல் மிட்டாய் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அந்தத் தோல் பையின் மூடி பல ஆண்டுகள் விரல் பட்டுப் பளபளத்துப் போயிருந்தது. வேடம் போடுகிறவர்களின் பொருட்களில் அந்தத் தேய்மானம் இருக்காது.

ஏன் தினமும் உடுத்துகிறார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் எளிமையானது. 2013-இல் அவருக்கு இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கால்சட்டைக்குள் காலை நுழைக்க முடியவில்லை. தன் கல்யாணத்துக்குத் தைத்த கில்ட் அலமாரியில் இருந்தது. குனியாமல், காலைத் தூக்காமல், நின்றபடியே சுற்றிக்கொள்ளலாம். அதை உடுத்தி வேலைக்கு வந்தார். இடுப்பு குணமான பிறகும் கால்சட்டைக்குத் திரும்ப மனம் வரவில்லை. உடம்புக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆண்டே, 2014 செப்டம்பரில், ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற பொது வாக்கெடுப்பு வந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் அவர் தன் உடையால் பிரச்சாரம் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்களாம். தான் எந்தப் பக்கம் வாக்களித்தேன் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றாடம் அவர் காதில் விழுந்த பேச்சுகளை நானே எதிரில் இருந்து கேட்டிருக்கிறேன். "இன்று யாருக்குக் கல்யாணம்?" "ஆட்டம் எத்தனை மணிக்கு?" "கால் விறைக்கவில்லையா?" இவையெல்லாம் பாதகமில்லை. நல்ல மனதோடு கேட்கிறவர்கள்தான். பிறகு அந்த இன்னொரு கேள்வி. உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்பது. உலகத்தில் வேறெந்த உடையை உடுத்திய மனிதரிடமும், அறிமுகம் ஆன ஐந்தாவது நிமிடத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. இவரிடம் வாடிக்கையாளர் கேட்டார், பார்சல் கொண்டுவந்த இளைஞன் கேட்டான், லண்டன் கிளையிலிருந்து வந்த மேலாளர் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோர் எதிரிலும் கேட்டார். ஒரு வாரம் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அவர் முதல் முறை கேட்பவர் போலப் புன்னகைத்து, அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சிலேடையைப் பதிலாகச் சொல்வார். சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பும்போது முகத்தில் புன்னகை இருக்காது. எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டுமே தெரியும் மாற்றம் அது.

நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ நாள், ஸ்காட்லாந்தின் தேசிய நாள். அதையொட்டி அலுவலகத்தில் எல்லோரும் டார்டன் எனப்படும் கட்டம் போட்ட துணியில் ஏதாவது ஒன்று அணிந்து வரவேண்டும் என்று மின்னஞ்சல் வரும். கழுத்துப் பட்டை, சால்வை, வாடகைக்கு எடுத்த கில்ட் என்று அன்று அலுவலகமே கட்டம் கட்டமாக மாறிவிடும். அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். "எங்கள் பெருமை" என்று அதற்குத் தலைப்பு வைத்து நிறுவனத்தின் பக்கத்தில் போடுவார்கள். மறுநாள் அதே மனிதர் அதே கில்ட்டில் வருவார். "என்ன, விழா நேற்றே முடிந்துவிட்டதே!" என்று ஒருவர் சொல்வார். சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள் ஆண்கள் எல்லோரும் பட்டுக்கரை வேட்டியில் வருவார்கள். வாசலில் கோலம், பானை, செல்பி. மற்ற நாட்களில் வேட்டியில் வருகிறவர் கூரியர் கொடுக்க வந்த பெரியவர் மட்டும்தான். அவரை வரவேற்பறையில் உட்கார வைக்காமல் வெளியே நிற்க வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எட்டு கெஜம்

ஒருநாள் மதிய உணவு நேரத்தில், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று சொல்லி, அது எப்படித் தைக்கப்படுகிறது என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் உள்ளே என்ன என்று கேட்காமல், வெளியே இருப்பதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நான் என்றார்.

முழுமையான ஒரு கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி போகுமாம். நான் வியந்துவிட்டேன். நம் சேலைகூடச் சாதாரணமாக ஆறு கெஜம்தானே. அத்தனையும் எங்கே போகிறது என்றால், பின்னால் மடிப்பாகப் போகிறது. முன்பக்கம் மடிப்பே இல்லாமல் தட்டையாக இரண்டு அடுக்கு. வலது பக்கம் திறப்பு வரும்படி ஒன்றன்மேல் ஒன்று படியும். தோல் வார்களும் கொக்கிகளும் இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும். வெளி அடுக்கின் கீழ் மூலையில் ஒரு பெரிய ஊக்கு. அது இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்துவதற்கு அல்ல, வெளி அடுக்கில் மட்டும் குத்த வேண்டும், காற்றில் பறக்காமல் துணிக்குக் கனம் கொடுக்கத்தான் என்றார். பிறகு எழுந்து திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டினார். எத்தனையோ மடிப்புகள். ஆனால் ஒரு மடிப்பின் கட்டம் அடுத்த மடிப்பின் கட்டத்தோடு கோடு பிசகாமல் சேர்ந்து, துணி மடிக்கப்படவே இல்லை என்பதுபோலத் தெரிந்தது. இடுப்பிலிருந்து ஒரு சாண் வரை கையால் தைத்து இறக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே மடிப்புகள் விடுபட்டு, அவர் நடக்கும்போது விரிந்து, நின்றதும் தாமாக மூடிக்கொண்டன.

எனக்கு அப்பத்தாவின் ஞாபகம் வந்தது. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலை; பெரிய பெரிய கட்டம். அப்பத்தா அதைப் பின்கொசுவம் வைத்துத்தான் கட்டும். கொசுவம் முன்னால் இருந்தால் வயலில் குனிந்து வேலை செய்யும்போது காலில் தட்டும் என்று பின்னால் வைத்து இடுப்பில் செருகும். உட்காரும்போது புறங்கையால் கொசுவத்தை ஒருமுறை வழித்துவிட்டு உட்காரும். அவரும் சரியாக அப்படித்தான் உட்கார்ந்தார். புறங்கையால் பின்மடிப்பை ஒருமுறை வழித்து, மடிப்பு கசங்காமல். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், என் அப்பத்தாவைப் பார்த்தே இராதவர், அதே கையசைவில் உட்கார்ந்தார். அம்மாவின் வாயிலிருந்து வந்த "பாவாடை" என்ற சொல்லை அதன் பிறகு நான் பயன்படுத்தவில்லை. இது பின்கொசுவம்.

இந்த உடைக்குச் சிறைத்தண்டனை இருந்த காலம் ஒன்று உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். 1746 ஏப்ரலில் கலோடன் போரில் வட ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் கிளர்ச்சிப் படை தோற்றது. அதே ஆண்டு லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1747 ஆகஸ்ட் முதல் ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் எந்தப் பையனும் மலைநாட்டு உடை அணியக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. இரண்டாம் முறை என்றால் ஏழு ஆண்டுகள் கடல் கடந்த நாடுகடத்தல். 1782-இல்தான் அது நீங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள். ஒரே ஒரு விதிவிலக்கு: ராணுவத்தில் சேர்ந்தவன் அணியலாம். அரசனுக்காகச் சாகப் போகிறவனுக்கு அனுமதி, வயலில் உழுகிறவனுக்குத் தடை. அந்தத் தடை நடப்பில் இருந்த காலத்திலேயே, 1777-இல் திரட்டப்பட்ட மக்லவுட் மலைநாட்டுப் படை மதராசுக்குக் கப்பலேறியது. அதில் ஒரு பகுதி 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படையிடம் சிக்கி அழிந்தது. புள்ளலூர் எங்கே இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்டார். சென்னையிலிருந்து காரில் போனால் மதிய உணவுக்குள் திரும்பிவிடலாம் என்றேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

தடை நீங்கியதும் மக்கள் உடனே எடுத்து உடுத்திக்கொள்ளவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் கால்சட்டைக்குப் பழகிவிட்டிருந்தது. பிறகு 1822-இல் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியில் இருக்கும் அரசர் ஒருவர் ஸ்காட்லாந்தில் காலடி வைத்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரவேற்பு முழுவதையும் வடிவமைத்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். பிரபுக்கள் எல்லோரும் டார்டன் அணிந்து வரவேண்டும் என்றார். அரசரே இளஞ்சிவப்புக் காலுறை போட்டு கில்ட் அணிந்தார். அன்றிலிருந்து அது நாட்டின் அடையாளம், விழாவின் உடை. எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. வயலிலிருந்து பிடுங்கப்பட்ட உடை மேடைக்குத்தான் திரும்பி வந்தது. வயலுக்குத் திரும்பவில்லை. அவர் தினமும் அதை உடுத்தி டிராமில் ஏறும்போது, 1822-இல் திரும்பாத ஒன்றைத் தன் பங்குக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்று எனக்குத் தோன்றும். அவரிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். இடுப்புக்கு இதம் என்றுதான் சொல்வார்.

தட்டுகள்

இனி அந்த மதியம்.

டிசம்பர் இரண்டாம் வாரம். ஓய்வுபெறும் ஒருவருக்காகக் கேக் வாங்கியிருந்தார்கள். தேநீர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். தட்டுகள் மேல் அலமாரியில் இருந்தன. உயரமானவர் அவர்தான் என்பதால் எடுக்கச் சொன்னார்கள். இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு அடுக்குத் தட்டுகளைப் பிடித்திருந்தார். அப்போது அவருக்குப் பின்னால் நின்ற பெண், "வாருங்கள், இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே, கில்ட்டின் பின்மடிப்பைப் பற்றி இடுப்புக்கு மேல் தூக்கினார்.

அறை வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் என்ன செய்தார் என்பதை நான் ஒரு பாடம் போல மனப்பாடமாக வைத்திருக்கிறேன். தட்டுகளைக் கீழே போடவில்லை. கையை இறக்கி மடிப்பைப் பிடிக்கவும் இல்லை; பிடித்திருந்தால் தட்டுகள் உடைந்திருக்கும். அடுக்கை மெதுவாக இறக்கி மேடையில் வைத்தார். மேலே இருந்த ஒன்று சரிந்து நின்றது. அதை நேராக்கினார். அதற்குப் பிறகுதான் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், மடிப்புகளை மேலிருந்து கீழாக, ஒருமுறை, இன்னொருமுறை என்று வழித்துவிட்டார். அப்பத்தாவின் கையசைவு. ஆனால் விரல் நுனிகள் நடுங்கின. பிறகு திரும்பி அவரும் சிரித்தார். காது மடல் இரண்டும் செங்கல் நிறமாக இருந்தன. ஒரு துண்டு கேக்கை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனார். மாலை ஐந்தரைக்கு அந்தக் கேக் அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் கால்சட்டையில் வந்தார்.

பழுப்பு நிறம், தொளதொளவென்று, புதிதாக வாங்கிய மடிப்புக்கூடக் கலையாமல். "அட, கால்சட்டை!" என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் நடையே மாறிவிட்டிருந்தது. அந்த நடையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அப்பா ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். வாழ்நாள் முழுவதும் வெள்ளை வேட்டிதான். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புதிய அதிகாரி வந்து, இனி கால்சட்டையில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு கால்சட்டை தைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் வாசலில் இறங்கிப் போனதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். யாரிடமோ கால்களைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பவர் மாதிரி இருந்தது. பிற்பாடு 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். சில வாரங்களிலேயே தமிழ்நாடு சட்டமன்றம் வேட்டிக்குத் தடை விதிக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. அப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அந்தச் செய்தியைக் கத்தரித்து நாட்குறிப்புக்குள் வைத்திருந்தார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பாவின் வேட்டியை யாராவது நாலு பேர் நடுவில் பற்றித் தூக்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இந்தக் கேள்விதான் அந்த வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. நம் மொழியில் ஒருவனை முழுவதுமாக அவமானப்படுத்தியதைச் சொல்ல, "வேட்டியை உருவிவிட்டார்கள்" என்றுதான் சொல்கிறோம். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பெரியவர் எதிரில் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது மரியாதை. கட்டியிருப்பவன் தன் கையால் இறக்குவதற்கும் இன்னொருவன் கை அதைத் தொடுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துகொண்டு வளர்ந்தவள் நான். அதெல்லாம் தெரிந்தும், துணி கம்பளியாகவும் கட்டம் போட்டதாகவும் இருந்ததால் சிரித்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சென்னையில் ஆறு ஆண்டுகள் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். கைப்பையின் வாரில் எப்போதும் ஒரு ஊக்கு குத்தியிருப்பேன். எதற்கு என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறியதும் முதல் வேலை, பின்னால் ஆள் நிற்க முடியாத இடமாகப் பார்த்து, கம்பியிலோ இருக்கையின் பக்கவாட்டிலோ முதுகை ஒட்டி நிற்பது. ஒருநாள் இடம் கிடைக்கவில்லை. பின்னால் நின்றவனிடம் சத்தம் போட்டேன். அவனுடைய நண்பர்கள் சிரித்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவரும் சிரித்தார். அவனுடைய கையைக்கூட நான் மறந்துவிட்டேன். அந்த அம்மாளின் சிரிப்பை மறக்கவில்லை. எடின்பரோவில் அந்தத் தேநீர் அறையில், நான் அந்த அம்மாளாக நின்றிருந்தேன்.

இத்தனைக்கும் எங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. பணியிடத்தில் பாலியல் தொல்லை நடக்காமல் தடுப்பது நிறுவனத்தின் கடமை என்று 2024 அக்டோபரில் பிரிட்டனில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி எங்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கேள்வி பதில் தேர்வு வைத்தார்கள். எங்கள் பிரிவு முழுவதும் தேறியது. பாடத்தில் இருந்த படங்களில் எல்லாம் கை நீட்டுகிறவன் ஆண், ஒதுங்குகிறவள் பெண். ஏழு வாரம் கழித்து எங்கள் கண் முன்னால் நடந்தது அந்தப் படங்களில் இல்லை. ஸ்காட்லாந்தில் ஆடைக்கு அடியில் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதை 2010-லேயே குற்றமாக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் பாவாடைக்கும் கில்ட்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. சட்டம் பார்க்காத வேறுபாட்டை நாங்கள் பார்த்தோம். இன்வெர்னஸ் நகரில் ஒரு மதுவிடுதியின் ஆண் ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் கில்ட்டைத் தூக்கிப் பார்ப்பது தாங்க முடியாமல் அதை உடுத்துவதையே நிறுத்திக்கொண்டார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. அதை வேடிக்கைச் செய்தியாகத்தான் பகிர்ந்துகொண்டார்கள்.

"உன் குரல் தனியாகக் கேட்டது"

ஜனவரியில்தான் எனக்குத் துணிவு வந்தது. வேலை முடிந்து லீத் வாக் என்ற தெருவில் டிராம் நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி, தெருவிளக்குகள் எல்லாம் மங்கலாக இருந்தன. "அன்றைக்கு நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"எல்லோரும்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேனே" என்றார். சிறிது தூரம் நடந்தோம். அவர் பிரச்சினையை அங்கேயே விட்டுவிடுவார், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். நிறுத்தத்தில் நின்ற பிறகு, என்னைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. நீ சிரிக்க மாட்டாய் என்று நினைத்திருந்தேன்."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மடிப்புகளைக் காட்டுவதற்காக என் முன்னால் திரும்பி நின்ற மனிதர் அவர். வெளியே இருப்பதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் என்று என்னைச் சொன்னவர்.

புகார் கொடுக்கலாமே என்று கேட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம். மேலதிகாரி புன்னகையோடு, "இந்த வயதில் நமக்கு அதெல்லாம் நடந்தால் சந்தோஷப்பட வேண்டும்" என்றாராம். "ஆண் ஒருவன் போய் என்னவென்று சொல்வது? அடிபடவில்லை. ரத்தம் வரவில்லை. எல்லோரும் என் நண்பர்கள்" என்றார். டிராம் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடமும் பேசினேன். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஏனென்றால் நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னைக் கடைக்கு அழைத்துப்போய் நல்ல கோட்டு வாங்கிக்கொடுத்தவர் அவர். என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தன் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர். "அவர் மனம் புண்பட்டிருக்கிறது" என்றபோது உண்மையாகவே திகைத்துப்போனார். அவரும் சிரித்தாரே என்றார். விளையாட்டுக்குத்தானே என்றார். பெண்களுக்கு நடப்பதோடு இதை ஒப்பிடாதே, அது வேறு என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். கில்ட் உடுத்தும் அந்த மனிதர் தெருவில் இரவு தனியாக நடக்கும்போது பயப்படுவதில்லை, நாங்கள் பயப்படுகிறோம். ஆனால் அந்த "அது வேறு" என்ற சொல்லின் பின்னால் நானும் மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தேன். தட்டை நேராக்கிய அந்த விரல்கள் நடுங்கியதை அந்தச் சொல் மறைக்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். பிப்ரவரி முடியும்வரை என்னிடம் வேலை தவிர வேறெதுவும் பேசவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நான் இருவரிடமும் கேட்டதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை அவர் கில்ட்டில் வந்தார். அதே கரும்பச்சை, கருநீலம். அதே தோல் பை. கல்யாணம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு எல்லோரும் பாடுபட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. காலை பத்தரை மணிக்குத் தேநீர் அறையில் நான் நுழைந்தபோது ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருந்தார்கள். யாரோ மேல் அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்துத் தரச் சொன்னார்கள். எப்போதும் அவரிடம்தான் கேட்பார்கள்.

அவர் எடுக்கவில்லை. கேட்டது காதில் விழாதவர்போலக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூலையில், இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில், முதுகு சுவரோடு ஒட்டியபடி. பின்னால் ஆள் நிற்க முடியாத இடம். சென்னை பஸ்ஸில் ஏறியதும் நான் தேடிப்போய் நின்ற இடம் அதுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கோப்பைகளை நானே எடுத்துக் கொடுத்தேன்.